குனிந்து பார்த்து வாங்குங்கள்

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் முதல் குளிர்காலத்தை ஓட்டித் தீர்த்தவர்கள் பலருக்கும் மார்ச் மாதத்தில் ஒரே எண்ணம் வரும்: அடுத்த பனிக்குள் ஒரு ஃபோர் வீல் டிரைவ் (நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சின் விசை போகும் ஏற்பாடு) வாங்கிவிட வேண்டும். கையில் இருப்பது பத்தாயிரம் டாலர், அல்லது அதற்கும் கீழே. அந்தப் பணத்துக்குப் புது வண்டி வராது, பழையதுதான். பழையதில் எதை, எப்படிப் பார்த்து வாங்குவது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். வண்டிகளைப் பற்றி உங்களுக்கு ஏதும் தெரியாது என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கொஞ்சம் சங்கடமான கேள்வி. உங்களுக்கு அது உண்மையிலேயே தேவையா?

ஸ்கார்பரோ, மார்க்கம், பிராம்ப்டன் பக்கம் குடியிருந்து, வேலைக்கும் பள்ளிக்கும் பெரிய சாலைகளிலேயே போய்வருகிறவர் என்றால், பெரும்பாலும் தேவையில்லை. பனி கொட்டினால் நகராட்சி வண்டிகள் முதலில் வருவது பெரிய சாலைகளுக்குத்தான். பனியை ஒதுக்கி, உப்பும் தூவிவிட்டுப் போவார்கள். எஞ்சின் முன்சக்கரங்களை மட்டும் சுழற்றுகிற சாதாரண டொயோட்டா கொரோலாவோ ஹோண்டா சிவிக்கோ, நல்ல குளிர்கால டயர் நான்கையும் மாட்டிக்கொண்டால், இந்தச் சாலைகளைச் சமாளித்துவிடும். வாங்குகிற விலையும் குறைவு, பெட்ரோலும் குறைவு, கெட்டுப்போவதற்கான உறுப்புகளும் குறைவு.

அப்படியானால் யாருக்குத் தேவை? பேரி, ஓவன் சவுண்ட் பக்கம் இருப்பவர்களுக்கு. அங்கே ஜார்ஜியன் வளைகுடாவின் மேலே வரும் குளிர்காற்று தண்ணீரிலிருந்து ஈரத்தை எடுத்துக்கொண்டு வந்து ஒரே இரவில் முழங்கால் அளவுக்குப் பனியைக் கொட்டிவிடும். சட்பரி, நார்த் பே, தண்டர் பே போன்ற வட ஊர்களில் இருப்பவர்களுக்கும் தேவை. 2019-இல் தொடங்கிய கிராமப்புற, வடபகுதிக் குடியேற்றத் திட்டத்துக்குப் பிறகு நம்மவர்களும் அந்தப் பக்கம் போகிறார்கள். ஊருக்குள்ளேயே இருந்தாலும், பனி ஒதுக்கும் வண்டி வருவதற்கு முன்பே விடிகாலை வேலைக்குக் கிளம்புகிறவர், வீட்டு வாசல் சரிவாக இருந்து ஏற முடியாமல் தவிக்கிறவர், இவர்களுக்கும் அது உதவும்.

சரி, அது என்ன உதவி செய்யும்? நின்ற இடத்திலிருந்து நகரவும், மேட்டில் ஏறவும், புதைந்த பனியிலிருந்து வெளியே வரவும் உதவும். அவ்வளவுதான்.

நிறுத்துவதற்கு உதவாதா? உதவாது. எந்தக் காராக இருந்தாலும் பிரேக் நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது. அந்த விஷயத்தில் ஃபோர் வீல் டிரைவுக்குத் தனிச் சலுகை கிடையாது. சொல்லப்போனால் அதன் எடை கூடுதல். நிற்க இன்னும் கொஞ்சம் சிரமம். இதில் ஒரு மறைவான ஆபத்தும் இருக்கிறது. சாதாரணக் கார் வழுக்கும் சாலையில் கிளம்பும்போதே சக்கரம் சுழன்று உங்களை எச்சரித்துவிடும். ஃபோர் வீல் டிரைவ் வழுக்காமல் சட்டென்று வேகம் எடுத்துவிடும். சாலை எவ்வளவு வழுக்குகிறது என்பதே பிரேக்கை மிதிக்கும்போதுதான் உங்களுக்குத் தெரியவரும். புயலன்று நெடுஞ்சாலைப் பள்ளத்தில் விழுந்துகிடக்கும் வண்டிகளில் பெரிய எஸ்யூவிகளையும் பிக்கப்புகளையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

நிறுத்துவது டயர். ஆகவே வண்டியைப் பேசுவதற்கு முன் டயரைப் பேசிவிடுவோம்.

ஆல் சீசன் டயர் என்று எழுதியிருந்தால் எல்லாப் பருவத்துக்கும் ஆகும்தானே? அப்படி நினைக்க வைக்கிற பெயர்தான். அதன் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கிவிடும். இறுகிய ரப்பர் சாலையைப் பிடிக்காது. குளிர்கால டயரின் ரப்பர் அந்தக் குளிரிலும் மென்மையாகவே இருக்கும். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப்பூவும் வரைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்னம் பனியில் சோதித்துத் தேறியதற்கு அடையாளம். சேறும் பனியும் என்பதைக் குறிக்கும் எம், எஸ் எழுத்துகள் மட்டும் இருந்தால் அதை நம்ப வேண்டாம்.

பக்கத்து மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படி கட்டாயம். ஒன்டாரியோவில் கட்டாயமில்லை. ஆனால் 2016 ஜனவரி முதல், குளிர்கால டயர் மாட்டியவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் தள்ளுபடி கொடுத்தாக வேண்டும். கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள்.

விற்பவர் "குளிர்கால டயரும் சேர்த்துத் தருகிறேன்" என்றால் மகிழ்வதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். டயரின் பள்ளம் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் அது பனிக்கு ஆகாது. அடுத்து வயது. பக்கவாட்டில் டாட் என்னும் மூன்று எழுத்துகளில் தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைத் தேடுங்கள். 3519 என்றிருந்தால் 2019-இன் 35ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஆறேழு வருடம் தாண்டிய டயரில் பள்ளம் நன்றாகவே இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். அதை விலையில்லாததாகவே கணக்கு வையுங்கள்.

இப்போது பணத்தைப் பிரிப்போம். பத்தாயிரம் டாலர் இருக்கிறது என்றால் பத்தாயிரத்துக்கு வண்டி பார்க்கக் கூடாது. ஏழாயிரத்துக்குப் பாருங்கள். வரி 13 சதவீதம், அதாவது 910 டாலர். இரும்பு ரிம்மோடு நான்கு குளிர்கால டயருக்கு ஆயிரத்தை ஒதுக்குங்கள். மெக்கானிக்கின் பரிசோதனைக்கும் துருத் தடுப்பு எண்ணெய்க்கும் சேர்த்து முந்நூறு. மிச்சம் எண்ணூறுக்குச் சற்றுக் குறைவு. அது முதல் மூன்று மாதங்களில் வரப்போகும் பழுதுக்கு. வராது என்று நினைக்காதீர்கள், வரும். பழைய வண்டி என்றாலே அப்படித்தான்.

ஆல் வீல் டிரைவ், ஃபோர் வீல் டிரைவ் என்று இரண்டு பெயர் சொல்கிறார்களே, எது நமக்கு? கார் போன்ற சிறு எஸ்யூவிகளில் (ஹோண்டா சிஆர்-வி, டொயோட்டா ராவ்4, சுபாரு ஃபாரஸ்டர் மாதிரி) இருப்பது ஆல் வீல் டிரைவ். நீங்கள் எதையும் அழுத்த வேண்டியதில்லை. பலவற்றில் சாதாரணமாக முன்சக்கரங்களே பெரும்பாலும் இழுக்கும். அவை வழுக்கினால் ஒரு கிளட்ச் தானாகவே பின்சக்கரங்களையும் சேர்த்துக்கொள்ளும். சுபாருவில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை போய்க்கொண்டிருக்கும்.

பிக்கப்புகளிலும் பழைய ஜீப் வகைகளிலும் இருப்பது பெரும்பாலும் வேறு வகை. டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன்பக்கம், பின்பக்கம் என்று பிரித்து அனுப்பும் பல்சக்கரப் பெட்டி) ஒன்றை ஓட்டுநரே ஒரு நெம்புகோலாலோ பொத்தானாலோ இணைக்க வேண்டும், விலக்க வேண்டும். இதில் முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் பூட்டப்படுவதால், பனியில்லாத காய்ந்த சாலையில் இணைத்தபடியே திரும்பினால் உள்ளே இறுகி உடையும். குளிர்காலத்தில் பாதிச் சாலை காய்ந்தும் பாதி நனைந்தும் கிடக்கும் ஊரில் இது தொல்லை. பண்ணை வேலை, இழுவை வேலை இல்லாதவர் ஆல் வீல் டிரைவையே எடுப்பது நல்லது என்பது என் கருத்து.

இனிமேல் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் பாதி. துரு.

கனடாவில் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டன் உப்பு சாலைகளில் கொட்டப்படுகிறது. அந்த உப்புத் தண்ணீர் வண்டியின் அடியில் தெறித்து, மூலைமுடுக்குகளில் தங்கி, இரும்பைத் தின்னும். வெளியே பளபளக்கும் வண்டி அடியில் கரையான் அரித்த நிலைக்கதவாக இருக்கலாம். எஞ்சின் பழுதானால் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம். அடிச்சட்டம் துருப்பிடித்துப் போனால் அந்த வண்டியின் ஆயுள் முடிந்தது. ஆகவே இங்கே பழைய வண்டி வாங்குவது என்பது அதன் அடிப்பாகத்தை வாங்குவதுதான்.

நல்ல நிறுவனத்தின் வண்டி என்றால் இந்தப் பயம் இல்லையே? இருக்கிறது. 2007 முதல் 2011 வரை வந்த ஹோண்டா சிஆர்-விகளில், பின்சக்கரத்தைத் தாங்கும் கை சட்டத்தோடு சேரும் இடம் துருப்பிடித்து, அந்தக் கை கழன்றுவிடக்கூடும் என்று 2023-இல் வட அமெரிக்காவின் உப்புப் பகுதிகளில் ஹோண்டா அவற்றைத் திரும்ப அழைத்தது. டொயோட்டாவின் டகோமா பிக்கப்பின் எஞ்சின் லேசில் சாகாது. ஆனால் அது உள்ளிட்ட சில வண்டிகளின் அடிச்சட்டம் துருப்பிடித்த விவகாரத்தில் 2016-இல் டொயோட்டா அமெரிக்காவில் ஒப்புக்கொண்ட சமரசத்தின் மதிப்பு 340 கோடி டாலர் வரை என்று கணக்கிடப்பட்டது. நம்பிக்கையான பெயர் எஞ்சினுக்குத்தான். உப்புக்கு எல்லாப் பெயரும் ஒன்றே.

எங்கே பார்ப்பது? ஒரு கைவிளக்கும், மண்டியிட ஒரு பழைய அட்டையும் கொண்டுபோங்கள். கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் விளிம்பு, பின்சக்கர வளைவின் உட்பக்கம், பின்சக்கரத்தின் ஸ்பிரிங் உட்காரும் கிண்ணம், சக்கரத்தைத் தாங்கும் கைகள் சட்டத்தோடு சேரும் இடம், அடியில் ஓடும் மெல்லிய பிரேக் குழாய்கள், பெட்ரோல் குழாய்கள். பிக்கப்பாக இருந்தால் பின்னச்சுக்கு மேலே இருக்கும் சட்டத்தின் உட்பக்கம்.

துரு என்று இருந்தாலே விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். அப்படிப் பார்த்தால் இங்கே பழைய வண்டியே வாங்க முடியாது. மேலே செந்தூள் படிந்தது போன்ற துரு சாதாரணம். ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு இருக்கிறது. மொத்தென்று கேட்டாலோ, அப்பளம் மாதிரிச் செதில் செதிலாக உதிர்ந்தாலோ, விரல் உள்ளே போனாலோ பேச்சை முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள். விலையைக் குறைக்கிறேன் என்பார். அதற்கும் மசிய வேண்டாம்.

அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு பூசிப் பளிச்சென்று இருந்தால்? அதைக் கண்டுதான் அதிகம் சந்தேகப்பட வேண்டும். விற்கும் வாரத்தில் பூசும் கறுப்பு பெரும்பாலும் எதையோ மறைக்கத்தான். உண்மையில் பேணப்பட்ட வண்டியின் அடி அழகாக இராது. ஆண்டுதோறும் எண்ணெய் தெளித்ததால் பிசுபிசுப்பும் அழுக்குமாக இருக்கும். அந்த எண்ணெய்த் தெளிப்புக்கான பழைய ரசீதுகளைக் கேளுங்கள். நாலைந்து ஆண்டு ரசீதுகளை எடுத்துக் காட்டுகிறவரின் வண்டிக்கு ஐந்நூறு டாலர் கூடக் கொடுக்கலாம்.

ஒரு சின்ன உபாயமும் உண்டு. வண்டியின் வரலாற்றறிக்கையில் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) அது அதிக காலம் எந்த மாகாணத்தில் இருந்தது என்று தெரியும். மிதமான குளிருள்ள பிரிட்டிஷ் கொலம்பியாவின் கடற்கரைப் பக்கம் இருந்த வண்டியின் அடி, அதே வயதுள்ள ஒன்டாரியோ, கியூபெக் வண்டியின் அடியைவிட நன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அடி தேறிவிட்டது. நான்கு சக்கர இயக்கம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

முதலில், அது இருக்கிறதா என்பதையே பாருங்கள். ராவ்4, சிஆர்-வி என்றாலே நான்கு சக்கரமும் இயங்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இரண்டும் முன்சக்கர இயக்கத்தோடு மட்டும் கூட விற்கப்பட்டவை. விளம்பரத்தை நம்பாமல் பின்பக்கம் குனிந்து பாருங்கள். இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவில் பூசணிக்காய் அளவில் ஓர் இரும்புருண்டையும் (டிஃபரன்ஷியல், அதாவது இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பங்கிடும் பல்சக்கரப் பெட்டி), முன்பக்கத்திலிருந்து அதற்கு வரும் நீண்ட தண்டும் இருக்க வேண்டும். உருண்டை மட்டும் இருந்து தண்டு இல்லையா? பழுதுபார்க்கப் பணமில்லாமல் யாரோ அதைக் கழற்றிப் போட்டிருக்கிறார்கள். பழைய வண்டிகளில் இது நடப்பதுதான்.

அடுத்து நான்கு டயர்களையும் பாருங்கள். ஒரே நிறுவனம், ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு தேய்ந்தது என்றால் அவற்றின் சுற்றளவு வேறுபடும். முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுழல, நடுவிலுள்ள கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடாகிக் கெடும். சுபாருவில் இது இன்னும் முக்கியம். பிற்காலத்தில் ஒரு டயர் கிழிந்தால் நான்கையும் மாற்ற நேரிடலாம் என்பதையும் இப்போதே மனதில் வையுங்கள்.

பிறகு காலியான வாகன நிறுத்தத்தில், ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, மெதுவாக வட்டமடியுங்கள். மறுபக்கமும் அப்படியே. வண்டி குலுங்கினாலோ, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் தடுமாறினாலோ, பின்பக்கம் முனகல் கேட்டாலோ, உள்ளே ஏதோ இறுகுகிறது. பழைய சிஆர்-வியில் இந்த முனகல் பலமுறை வெறும் பின் டிஃபரன்ஷியல் எண்ணெயை மாற்றாததால் வருவது, மாற்றினால் போய்விடும். ஆனால் இந்த வண்டியிலும் அதுதான் காரணம் என்பது விற்பவரின் வாய்மொழி. எண்ணெயை மாற்றிவிட்டுக் கூப்பிடச் சொல்லுங்கள்.

எஞ்சினைப் பற்றி ஒன்றுதான். நீங்கள் வருவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சின் மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைத்துச் சூடாக்கி வைத்திருக்கிறார். குளிர்ந்த எஞ்சின் முதல் முறை கிளம்பும்போது போடும் சத்தமும், பின்னால் விடும் புகையும், அரை மணி நேரம் ஓட்டினாலும் தெரியாத உண்மைகளைச் சொல்லும். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது.

எந்த வண்டி என்று இன்னும் சொல்லவில்லையே என்கிறீர்கள். சொல்கிறேன், ஆனால் ஒன்றை மறக்காதீர்கள்: நன்றாகப் பேணப்பட்ட இரண்டாந்தரப் பெயர், துருப்பிடித்த முதல்தரப் பெயரைவிட மேல்.

என் முதல் தேர்வு 2012 முதல் 2014 வரையிலான ஹோண்டா சிஆர்-வி. 2.4 லிட்டர் எஞ்சினும் பழைய முறை ஐந்து கியர் ஆட்டோமேட்டிக்கும் நெடுநாள் உழைப்பவை. 2015 மாடலில் சிவிடி (கியருக்குப் பதில் பட்டையால் இயங்கும் ஆட்டோமேட்டிக்) வந்தது, அதனால்தான் 2014 வரை என்கிறேன். காலையில் கிளப்பும்போது ஒரு நொடி கடகடவென்று சத்தம் வரும் குறை சில வண்டிகளில் உண்டு. எரிச்சலூட்டும், விலை பேசவும் உதவும். 2012 முதல் என்று சொல்வதற்கு இன்னொரு காரணம்: 2011 செப்டம்பர் முதல் செய்த கார்களில் வழுக்கும்போது தானாகத் தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் போட்டு வண்டியை நேர்ப்படுத்தும் கருவி கனடாவில் கட்டாயமானது. பனியில் அது ஆல் வீல் டிரைவைவிடப் பெரிய துணை. எந்த வண்டி வாங்கினாலும் அதற்குப் பிந்தையதாக வாங்கப் பாருங்கள்.

டொயோட்டா ராவ்4 என்றால் 2009 முதலான 2.5 லிட்டர் எஞ்சின். அதற்கு முந்தைய 2.4 லிட்டர் எஞ்சினுக்கு எண்ணெய் குடிக்கும் பழக்கம் உண்டு. ராவ்4 2008 முதல் ஒன்டாரியோவின் உட்ஸ்டாக்கிலும், சிஆர்-வி 2012 முதல் ஆலிஸ்டனிலும் தயாராகின்றன. இரண்டும் தெருவுக்குத் தெரு ஓடுவதால் உதிரி பாகமும், பழகிய மெக்கானிக்கும் எங்கும் கிடைக்கும். விலை மட்டும்தான் உறைக்கும்: டொயோட்டா என்ற பெயருக்கே ஆயிரம், இரண்டாயிரம் கூடக் கேட்பார்கள்.

சுபாரு ஃபாரஸ்டர், பனியில் மூன்றிலும் சிறந்தது. ஆனால் 1990களின் கடைசி முதல் 2010 வாக்கு வரையிலான 2.5 லிட்டர் எஞ்சின்களில் ஹெட் கேஸ்கட் (எஞ்சினின் இரு பாகங்களுக்கு நடுவே எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் தடுக்கும் தகடு) ஒழுகும் நோய் பேர்போனது. அதே எஞ்சின்களில் டைமிங் பெல்ட்டை (எஞ்சினின் வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவைக்கும் பட்டை) 1,68,000 கிலோமீட்டரில் மாற்றியாக வேண்டும். மாற்றிய ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். அதற்குப் பிந்தைய எஞ்சின்களில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. அந்தக் கவலை இல்லை, எண்ணெய் குறைகிறதா என்று மட்டும் அடிக்கடி பாருங்கள்.

விலைக்கு வாட்டமாகக் கிடைப்பது மஸ்டா சிஎக்ஸ்-5. 2013 மாடலாக அறிமுகமான வண்டி. டொயோட்டா பெயர் இல்லாததால் கொஞ்சம் மலிவு. குடும்பம் பெரியது என்றால் டொயோட்டா சியன்னா வேனிலும் ஆல் வீல் டிரைவ் வகை உண்டு. தேடிப் பிடிக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை? முதல் தலைமுறை நிசான் ரோக். அதன் சிவிடி நம்பத்தக்கதல்ல. 2011-க்குப் பிந்தைய ஹூண்டாய், கியா எஸ்யூவிகளில் ஒருசில எஞ்சின்கள் திடீரென்று இறுகி நின்றதால் பெரிய அளவில் திரும்ப அழைக்கப்பட்டன. வண்டியின் அடையாள எண்ணை வைத்து அந்தப் பழுது சரிசெய்யப்பட்டதா என்று விற்பனை நிலையத்தில் கேட்காமல் வாங்க வேண்டாம். ஏழாயிரம் டாலருக்குக் கிடைக்கும் ஜெர்மன் சொகுசு எஸ்யூவி ஆசை காட்டும். அதன் பழுதுச் செலவு புது வண்டிக்கானது.

கிலோமீட்டர் எவ்வளவு வரை போகலாம்? இந்த விலைக்கு ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டு லட்சத்துக்கு மேல் வரைதான் வரும். பயப்பட வேண்டாம். நெடுஞ்சாலையில் ஓடிய இரண்டு லட்சம், நகருக்குள் நின்று நின்று ஓடிய ஒரு லட்சத்தைவிட நல்லது. ரசீதுகள்தான் பேச வேண்டும்.

காகிதங்களுக்கு வருவோம். தனிநபரிடம் வாங்கினால், பழைய வாகனத் தகவல் தொகுப்பு ஒன்றை விற்பவர் உங்களிடம் கொடுக்க வேண்டும் என்பது ஒன்டாரியோ சட்டம். சர்வீஸ் ஒன்டாரியோவில் (மாகாண அரசின் சேவை அலுவலகம்) 20 டாலர். முந்தைய உரிமையாளர்கள் யார், வண்டியின் மேல் கடன் இருக்கிறதா என்பவை அதில் இருக்கும். கடன் இருப்பது தெரியாமல் வாங்கினால் கடன் கொடுத்தவர் உங்கள் வாசலில் இருந்து வண்டியை எடுத்துப் போகலாம். விபத்து வரலாற்றுக்குக் கார்ஃபேக்ஸ் கனடா அறிக்கை தனி.

"விலையைக் குறைத்து எழுதிக்கொள்வோம், வரி மிச்சம்" என்பார்கள். பயனில்லை. தனிநபர் விற்பனையில் நீங்கள் கொடுத்த விலை, வண்டியின் மொத்தவிலை மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் 13 சதவீதம் கட்ட வேண்டும்.

சேஃப்டி (வண்டி சாலையில் ஓடும் குறைந்தபட்சத் தகுதியுடையது என்ற சான்று) இருக்கிறதே, அப்புறம் ஏன் வேறு மெக்கானிக்? அந்தச் சான்று 36 நாளைக்குத்தான் செல்லும். பரிசோதித்த நாளில் பிரேக், விளக்கு, டயர் போன்றவை தேறின என்று மட்டுமே சொல்லும். எஞ்சின் நாளை நிற்குமா என்று சொல்லாது. அதை எடுத்துக் கொடுப்பதும் விற்பவரின் மெக்கானிக். நீங்கள் கூட்டிப்போகும் மெக்கானிக், வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியைக் காட்டட்டும். அதற்கு மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

தனிநபர் போல நடித்து, உரிமமில்லாமல் பல வண்டி விற்கிறவர்களும் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: போனில் "கார் விஷயமாகக் கூப்பிடுகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். "எந்தக் கார்?" என்று கேட்டால் நன்றி சொல்லி வைத்துவிடலாம். வியாபாரியிடம் வாங்குவதென்றால், அவர் ஓம்விக்கில் (கார் வியாபாரிகளுக்கு உரிமம் கொடுத்துக் கண்காணிக்கும் ஒன்டாரியோ அமைப்பு) பதிவானவரா என்று பாருங்கள். வாங்கிய மறுநாள் மனம் மாறினால் திருப்பித் தரலாமா? முடியாது. ஒன்டாரியோவில் கார் வாங்கியதற்கு அப்படி அவகாசம் கிடையாது. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான்.

பணம் கொடுப்பதற்கு முன் இன்னொரு போன். வண்டியின் அடையாள எண்ணைச் சொல்லிக் காப்பீட்டுக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். புதிதாக ஓட்டுநர் உரிமம் எடுத்தவருக்கு ஓராண்டுக் காப்பீடே வண்டி விலையில் பாதியைத் தொடலாம். சிஆர்-வி போன்றவை திருடர்களுக்கும் பிடித்தவை. பொத்தான் அழுத்திக் கிளப்பும் வகைகளுக்குச் சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் கேட்கின்றன. இந்த ஓர் இடத்தில் சாவி போட்டுத் திருகும் பழைய வண்டி உங்களுக்கு லாபம்.

வாங்கியபின் முதல் வேலை பேட்டரி. மைனஸ் 18 டிகிரி வாக்கில் பேட்டரி தன் பலத்தில் பாதியைத்தான் தரும். எஞ்சின் எண்ணெயோ கெட்டியாகிக் கூடுதல் பலம் கேட்கும். ஐந்து வருடம் ஆன பேட்டரியைச் சோதிக்கச் சொல்லி, சந்தேகமென்றால் மாற்றிவிடுங்கள். சட்பரிக்கு மேலே போகிறவர் பிளாக் ஹீட்டரையும் (இரவில் மின்சாரத்தில் செருகி எஞ்சினைச் சூடாக வைக்கும் கருவி) பொருத்திக்கொள்ள வேண்டும்.

எப்போது வாங்குவது? முதல் பனி விழுந்த வாரத்தில் ஊரே ஆல் வீல் டிரைவ் தேடும். விலை ஏறும், விற்பவர் பேரம் பேச மாட்டார், பனி மூடிய தரையில் குனிந்து அடியைப் பார்க்கவும் முடியாது. ஏப்ரல் முதல் ஜூன் வரை தேடுங்கள். குளிர்காலத்தை அப்போதுதான் கடந்த வண்டி தன் குறைகளை எல்லாம் காட்டிக்கொண்டு நிற்கும். கூடவே குளிர்கால டயரையும் தள்ளிவிடப் பார்ப்பார்கள். கோடையில் துருத் தடுப்பு எண்ணெய் அடியுங்கள். அக்டோபர் தொடக்கத்திலேயே டயர் மாற்ற நேரம் குறித்துவிடுங்கள், நவம்பரில் எந்தக் கடையிலும் இடம் கிடைக்காது. டயர் மாட்டி நூறு கிலோமீட்டர் ஓட்டியதும் அதே கடைக்குத் திரும்பப் போய்ச் சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கச் சொல்லுங்கள்.